காதுக்கு வந்த ஆங்கிலம்

தமிழ் வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு ஆங்கிலம் முதலில் கண்ணுக்குத்தான் வந்தது. காதுக்கு வந்து சேரப் பல வருடங்கள் ஆயின. நாக்குக்கு வந்ததா என்றால், சிலருக்கு வந்தது. பலருக்குக் கடைசிவரை வரவில்லை. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்து கேட்டாலும் பதில் சொல்லும் பையன்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். ஆக்டிவ் வாய்ஸைப் பாசிவ் வாய்ஸாக மாற்றச் சொன்னால் நொடியில் மாற்றுவார்கள். அதே பையன்களிடம் யாராவது எதிரே நின்று ஆங்கிலத்தில் நாலு வார்த்தை கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது பள்ளிக்கூடம் இல்லை. கூடத்து அலமாரியில் உட்கார்ந்திருந்த ரேடியோதான். பிறகு கேசட்டும் தொலைக்காட்சியும் வந்தன. அவை எப்படி வந்தன, யார் கொண்டுவந்தார்கள், எதைக் கொடுத்தன, எதைக் கொடுக்க முடியவில்லை என்பதை நான் படித்ததையும் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கண்ணால் படித்த காலம்

நமக்கு ஆங்கிலம் ஏன் வாசிப்பாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டது? ஆசிரியர்களைக் குறை சொல்வது எளிது. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. மைக்கேல் வெஸ்ட் என்று ஒரு ஆங்கிலேயர். இந்தியக் கல்விப் பணியில் இருந்தவர், டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர். வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கும் விதத்தை ஆராய்ந்து 1926-ல் ஒரு பெரிய அறிக்கையை வெளியிட்டார். பெரும்பாலான பிள்ளைகள் பள்ளியைப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள், பாதியில் நின்றாலும் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும், அது வாசிக்கும் திறனாக இருக்கட்டும் என்பது அவர் வாதம். அக்கறையோடு சொன்ன வாதம்தான். பேசக் கிடைக்கும் வாய்ப்பு குறைவு, படிக்கப் புத்தகம் இருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டார். எளிய சொற்களில் அவர் எழுதிய வாசிப்புப் புத்தகங்கள் பல நாடுகளுக்குப் போயின. 1953-ல் அவர் தொகுத்து வெளியிட்ட 2,000 சொற்கள் கொண்ட பட்டியலை இன்றும் ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் மாநிலத்தில் காற்று திசை மாறியது. 1959-ல் சென்னை மாநில அரசும் பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து ஒரு பெரிய ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கின. சிலருக்குப் பயிற்சி கொடுப்பது, அவர்கள் பலருக்குக் கொடுப்பது, அந்தப் பலர் ஊர் ஊராகப் போய் இன்னும் பலருக்குக் கொடுப்பது என்று திட்டம். மலைச்சரிவில் உருட்டிவிட்ட பனி உருண்டை போகப்போகப் பெரிதாவதைப் போல என்பதால் அதற்கு ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்றே பெயர் வந்துவிட்டது. ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் 27,000 ஆசிரியர்களை எட்டுவது நோக்கம். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வாக்கிய அமைப்புகளை வாயால் சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டும் என்பது அந்த முறை.

எங்கள் ஆசிரியரும் அந்தப் பயிற்சிக்குப் போய்வந்தவர். டஸ்டரைத் தூக்கிக் காட்டி, ‘திஸ் இஸ் எ டஸ்டர்’ என்பார். நாற்பது குரல்கள் திருப்பிச் சொல்லும். நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் அவரும் ஆங்கிலத்தை இன்னொரு தமிழ் ஆசிரியரிடமிருந்து கேட்டவர்தான். ஆங்கிலத்தையே வீட்டுமொழியாகக் கொண்ட ஒருவர் பேசி அவர் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. உருண்டை உருண்டு பெரிதாகும்போது வழியிலுள்ள மண்ணும் ஒட்டிக்கொண்டு வரத்தானே செய்யும்!

இசைத்தட்டில் பெர்னார்ட் ஷா

ஆசிரியர் இல்லாத இடத்துக்குக் குரலை மட்டும் அனுப்பிவைக்கலாம் என்ற யோசனை ரேடியோவுக்கும் முந்தியது. 1901-ல் ஜாக்ஸ் ரோஸ்டன் என்பவர் லண்டனில் லிங்குவாபோன் நிறுவனத்தைத் தொடங்கினார். கிராமபோன் வைத்துப் பாட்டுக் கேட்பவர்கள் மொழியும் கேட்கலாமே என்பது அவர் யோசனை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டைச் சுழலவிட வேண்டும். புரியாத இடத்தில் முள்ளைத் தூக்கித் திரும்பவும் வைக்கலாம். ‘இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்று கேட்டால் முகம் சுளிக்காத முதல் ஆசிரியர் அந்தத் தட்டுதான்.

அந்த நிறுவனத்துக்காக 1927-ல் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா ஒரு பேச்சைப் பதிவு செய்து கொடுத்தார். எப்படிப் பேசுவது சரியான ஆங்கிலம் என்பது பொருள். ஷா குறும்புக்காரர். தட்டு தவறான வேகத்தில் சுற்றினால் நீங்கள் கேட்பது என் குரலே இல்லை, வேகத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று கேட்பவர்களுக்கே பாடம் எடுக்கிறார். பிறகு முக்கியமான விஷயத்துக்கு வருகிறார். எல்லோருக்கும் பொதுவான சரியான ஆங்கிலம் என்று ஒன்று கிடையாதாம். ஊருக்கு முன்னால் பேசுவது ஒரு மாதிரி, வீட்டில் மனைவியிடம் பேசுவது ஒரு மாதிரி என்று தன்னையே உதாரணம் காட்டுகிறார். லண்டனுக்கு வரும் வெளிநாட்டுக்காரர் அப்பழுக்கில்லாத ஆங்கிலம் பேசினால் யாருக்கும் புரியாது. தன் ஊர் உச்சரிப்போடு, இலக்கணம் உடைந்த ஆங்கிலம் பேசினால் இவர் வெளியூர்க்காரர் என்று புரிந்துகொண்டு எல்லோரும் உதவுவார்கள் என்கிறார்.

பேச வாய் கூசும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும். எங்கள் காலத்தில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அலைவரிசையில் வந்த வாத்தியார்கள்

பி.பி.சி. 1932 டிசம்பரில் சிற்றலையில் தன் பேரரசுச் சேவையைத் தொடங்கியது. அது கடல் கடந்து வாழ்ந்த ஆங்கிலேயர்களுக்கானது. ஆங்கிலம் கற்க விரும்பும் மற்றவர்களுக்காகப் பாடங்களை ஒலிபரப்பத் தொடங்கியது 1943-ல், உலகப் போரின் நடுவில். பாடம் என்றால் கரும்பலகைப் பாடம் இல்லை. குடும்பத்தில் நடக்கும் பேச்சு, கடையில் நடக்கும் பேச்சு என்று சின்னச் சின்ன நாடகங்களாக இருக்கும்.

அமெரிக்கக் குரல், அதாவது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, வேறு வழியில் போனது. 1959 அக்டோபர் 19 அன்று ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ என்ற ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1,500 சொற்கள் மட்டும், சின்ன வாக்கியங்கள், ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. வேகம் வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மொழி கற்பிப்பதைவிட, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதே அப்போது நோக்கம். சிற்றலையின் இரைச்சலிலும் புரிய வேண்டுமே! கேட்டவர்கள்தான் அதைப் பள்ளிக்கூடமாக மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்க வரலாற்றை வாரந்தோறும் சொன்ன ‘தி மேக்கிங் ஆஃப் எ நேஷன்’, மரபுத்தொடர்களின் கதையைச் சொன்ன ‘வேர்ட்ஸ் அண்ட் தெயர் ஸ்டோரீஸ்’ இரண்டும் நம்மில் சிலருக்கு நினைவிருக்கலாம். ராத்திரியில் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி அந்த நிலையத்தைப் பிடிப்பதே ஒரு வித்தை. பிடித்த பிறகு யாரும் ரேடியோ பக்கம் நடக்கக் கூடாது. நடந்தால் குரல் மங்கிவிடும் என்று எங்கள் அப்பா நம்பினார்.

நமக்கு மிக நெருக்கமாக இருந்தது ஆல் இந்தியா ரேடியோதான். சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பட்டன. இரவு ஒன்பது மணிக்கு டெல்லியிலிருந்து ஆங்கிலச் செய்தி வரும். மெல்வில் டி மெல்லோவின் குரலை யார் மறக்க முடியும்? 1948-ல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை மணிக்கணக்கில் வர்ணித்தவர். எங்களுக்கு நினைவு தெரிந்த பிறகும் அவர் குரல் வந்துகொண்டிருந்தது. அழுத்தம் திருத்தமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்குரிய மரியாதையைக் கொடுத்துப் பேசும் குரல்.

அவர்கள் பேசியது இந்திய ஆங்கிலம். அதுவே எங்களுக்கு வசதியாக இருந்தது. லண்டன் உச்சரிப்பில் பாதி எழுத்துகள் காணாமல் போய்விடும். டெல்லி வாசிப்பாளர்கள் எதையும் விழுங்க மாட்டார்கள்.

அக்காவின் நோட்டு

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா 1964-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். நல்ல மார்க். பாபநாசம் பக்கத்தில் எங்கள் கிராமத்திலிருந்து பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் அப்போது இல்லை. வரன் அமையும்வரை வீட்டில் இருக்க வேண்டியதுதான். அமைய ஐந்து வருடம் ஆயிற்று.

அப்பா வாங்கிய மர்ஃபி வால்வு ரேடியோ அந்த ஐந்து வருடமும் அவளுக்குத் துணையாக இருந்தது. அதில் அவள் கண்டுபிடித்த ஒரு பொக்கிஷம், மெதுவேகச் செய்தி. இது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: டெலிபிரிண்டர் வசதி இல்லாத சின்னப் பத்திரிகைகள் கேட்டு எழுதிக்கொள்வதற்காக, ஆல் இந்தியா ரேடியோ ஒரு செய்தியறிக்கையை டிக்டேஷன் வேகத்தில் வாசித்தது. சில சொற்கள் சொல்வார்கள், நிறுத்துவார்கள், திரும்பச் சொல்வார்கள். நிறுத்தற்குறியைக்கூடச் சொல்வார்கள். நிருபர்களுக்கான அந்த அறிக்கையை, சமையல் வேலை முடிந்த ஒரு பெண் பழைய நோட்டின் பின்பக்கங்களில் எழுதிக்கொண்டிருந்தாள்.

காதில் விழாத சொல்லுக்கு இடம் விட்டு வைப்பாள். மறுநாள் நான் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஊர்ப் படிப்பகத்துக்குப் போக வேண்டும். அங்கே ‘தி ஹிந்து’ வரும். அதே செய்தியைத் தேடிப் பிடித்து, விட்ட இடங்களை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். எனக்குப் பதினாலு வயது. “டேய், ஒரு இடம்கூட விடாம பாத்துட்டு வாடா” என்பாள். சில நாள் அதற்குக் கூலியாகப் பொரிவிளங்காய் உருண்டை கிடைக்கும்.

1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த சண்டை நிறுத்தப்பட்டது. ‘சீஸ்ஃபயர்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அக்கா அதைப் ‘பிடி’ என்று பொருள்தரும் சீஸ் என்று எழுதி வைத்திருந்தாள். நெருப்பைப் பிடிக்கச் சொல்கிறார்களே, சண்டை முடிந்ததா இல்லையா என்று அவளுக்குக் குழப்பம். படிப்பகத்தில் பத்திரிகையைப் பார்த்த பிறகுதான், அது ‘நிறுத்து’ என்று பொருள்தரும் வேறு சீஸ் என்று தெரிந்தது. தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அன்றிலிருந்து அந்த இரண்டு ஒலிகளையும் பிரித்துக் கேட்க அக்கா பழகிக்கொண்டாள். ஐந்து வருடத்தில் பதினோரு நோட்டு நிரம்பியது.

அவளுக்குக் காது முழுவதும் ஆங்கிலம். ஆனால் ஒரு வாக்கியம்கூட அவள் பேசி நான் கேட்டதில்லை. யாரிடம் பேசுவாள்?

கிரிக்கெட் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம்

பையன்களாகிய எங்களுக்கு இன்னொரு வாத்தியார் இருந்தார், கிரிக்கெட் வர்ணனை. ஆங்கில வர்ணனையாளர்களில் நம்மவர் பாலு அழகண்ணன் இருந்தார். 1954-55-ல் சென்னை அணி முதல்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அணித்தலைவராக இருந்தவர், பின்னாளில் மைக் பிடித்தார். பியர்சன் சுரிட்டா, தேவ்ராஜ் பூரி, ஆனந்த் செடல்வாட் என்று மற்றவர்களையும் டீக்கடை வாசலில் நின்று கேட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 ஓட்டங்கள் எடுத்தாரே, அந்த இன்னிங்ஸை ஆங்கிலத்தில் கேட்டே மனத்தில் படமாக வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

வர்ணனை ஏன் நல்ல பாடம் என்று பின்னாளில் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் நமக்கு முன்பே தெரியும். பந்து வீசப்படும், அடிக்கப்படும், யாரோ ஓடிப்போய் எடுப்பார்கள். என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்தில் புதுச் சொல் விழுந்தால், அர்த்தத்தை நாமே ஊகித்துவிடுகிறோம். அதோடு, அதே சொல் அன்றைக்கே ஐம்பது முறை திரும்ப வரும். மார்க்கும் கிடையாது, பிரம்பும் கிடையாது. வாக்கியத்தைப் பாதியில் உடைத்து இன்னொரு வாக்கியத்துக்குத் தாவுவது என்பது பேச்சு மொழியில் சகஜம் என்பதையும் அங்கேதான் கற்றோம். ரென் அண்ட் மார்ட்டினில் அது கிடையாது.

காது மட்டும் போதாத இடம்

1972-ல் பி.எஸ்ஸி. முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியின் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். எதிரே மூன்று பேர். கேட்டது எல்லாம் புரிந்தது. ரேடியோ கேட்ட பலன், ஒரு சொல்லும் தப்பவில்லை. பதிலும் மனத்தில் இருந்தது. வாயைத் திறந்தால் முதல் சொல்லுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை. நடுவில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவ்வளவுதான், மிச்சமிருந்த ஆங்கிலமும் போய்விட்டது. எனக்கு முன்னால் போய்வந்த கான்வென்ட் பையனுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும் என்று இன்றும் நான் நம்பவில்லை. அவன் ஆங்கிலம் பேசும்போது யாரும் சிரித்ததில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரேடியோ பேசும், ஆனால் நாம் பேசினால் கேட்காது. ஆங்கிலம் கற்பித்த ஒலிபரப்புகளின் வரலாற்றில் இந்தக் குறையை உணர்ந்து அதற்கு வழி தேடியவர்கள் சிலர் உண்டு. அவர்களில் ஜப்பானியர் ஒருவரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது.

அவர் பெயர் தடாய்ச்சி ஹிராகாவா. இளம் வயதில் அமெரிக்கா போய், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துத் திரும்பியவர். என்.எச்.கே. வானொலியில் அறிவிப்பாளர். 1945 ஆகஸ்டில் பேரரசரின் சரணடைவு அறிவிப்பை வெளிநாட்டு ஒலிபரப்பில் ஆங்கிலத்தில் வாசித்தவர் அவர்தான். அரை வருடம்கூட ஆகவில்லை. 1946 பிப்ரவரி 1 அன்று அதே வானொலியில் ஆங்கிலப் பேச்சுப் பாடம் தொடங்கினார். வார நாட்களில் மாலையில் கால் மணி நேரம். ஊரெல்லாம் குண்டு விழுந்து கிடக்கிறது, சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு, தெருவில் அமெரிக்கச் சிப்பாய்கள். நேற்றுவரை எதிரியின் மொழி. அதை அவர் பாட்டோடு தொடங்கினார். கோயில் தோட்டத்தில் விலங்குகள் கூத்தடிப்பதைப் பற்றி அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த ஒரு பாட்டு உண்டு. அந்த மெட்டுக்கு ஆங்கிலச் சொற்களை எழுதினார்.

இதைப் பாடமாக நினைக்காதீர்கள், விளையாட்டாக நினையுங்கள், குழந்தை அம்மாவிடம் கற்பதுபோலக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர் முறை. தெரிந்த மெட்டு என்பதால் ஜனங்கள் வாய்விட்டுப் பாடினார்கள். குடும்பமாக உட்கார்ந்து சேர்ந்து சொன்னார்கள். ஊர் ஊராகக் கேட்பவர்கள் சங்கம் அமைத்து, கேட்டதைத் தங்களுக்குள் பேசிப் பார்த்தார்கள். ரேடியோ கேட்காத குறையை, பக்கத்து வீட்டுக்காரரின் காது தீர்த்துவைத்தது.

ஆப்பிரிக்காவில் கென்யாவில் 1980-க்கும் 1985-க்கும் இடையில் இன்னொரு வழியைச் சோதித்தார்கள். தொடக்கப் பள்ளி வகுப்புக்குத் தினமும் அரை மணி நேர ஆங்கில ரேடியோப் பாடம். ரேடியோ ஒரு கேள்வி கேட்கும். பிறகு சில விநாடிகள் மௌனம். அந்த மௌனத்தில் பிள்ளைகள் உரக்கப் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு ரேடியோ சரியான விடையைச் சொல்லும். ஒலிபரப்பில் மௌனத்தைத் திட்டமிட்டு வைப்பது சாதாரண யோசனை இல்லை.

படத்தோடு வந்த பாடம்

தொலைக்காட்சிக்கு வருவோம். பி.பி.சி. 1979-ல் ‘ஃபாலோ மீ’ என்ற தொடரைத் தயாரித்தது. மொத்தம் 60 பகுதிகள். பெயர் கேட்பது, வழி கேட்பது, விலை கேட்பது என்று அன்றாடக் காட்சிகள். பல நாடுகளுக்குப் போன அந்தத் தொடருக்கு மிகப் பெரிய வரவேற்பு கிடைத்தது சீனாவில். 1982-ல் அங்கே ஒளிபரப்பானபோது, கேத்தி ஃபிளவர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தொகுத்து வழங்கினார். கலாசாரப் புரட்சியில் வெளியுலகம் அடைக்கப்பட்டிருந்த ஒரு தேசம். டி.வி. இருக்கும் வீட்டில் தெருவே கூடி அந்தத் தொடரைப் பார்த்தது.

நமக்குச் சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. எங்கள் டெல்டா பக்கத்துக்குத் தெளிவாகப் படம் வர மேலும் பல வருடங்கள் ஆயின. அதற்குள் இலங்கையில் 1982-ல் ரூபவாஹினி தொடங்கிவிட்டதால், உயரமான கம்பத்தில் ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்டி அதைப் பார்த்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய. தூர்தர்ஷனில் கீதாஞ்சலி ஐயரும் தேஜேஷ்வர் சிங்கும் வாசித்த ஆங்கிலச் செய்தியில் இப்போது உதட்டசைவும் தெரிந்தது. அது பெரிய உதவி. 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு இன்சாட் செயற்கைக்கோள் வழியாக ‘கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. கல்லூரிப் படியேறாத பலர் அதை வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். 1988-ல் பிரணாய் ராயின் ‘தி வேர்ல்டு திஸ் வீக்’ வந்தது. எங்கள் தெருவில் அது முடியும்வரை யாரும் சாப்பிட எழுந்திருக்க மாட்டார்கள்.

நடுவில் கேசட் வந்து போனதையும் சொல்ல வேண்டும். கபில்தேவ் விளம்பரத்தில் வந்த ரேபிடெக்ஸ் புத்தகம் இல்லாத பெட்டிக்கடை கிடையாது. பின்னாளில் அதோடு கேசட்டும் சேர்ந்துகொண்டது. ரேடியோவில் போன சொல் போனதுதான். கேசட்டில் ரீவைண்டு பட்டனை அழுத்தி நாடா தேயும்வரை கேட்கலாம்.

பிற்காலத்தில் வந்தவற்றில் ஓசைப்படாமல் பெரிய வேலை செய்தது எது என்று கேட்டால், ஆங்கிலப் பட சேனல்களில் கீழே ஓடும் ஆங்கில வரிகளைச் சொல்வேன். அக்கா நோட்டில் விட்டு வைத்த இடங்களை நான் மறுநாள் படிப்பகத்தில் நிரப்பினேன் அல்லவா? அந்த வேலையை இந்த வரிகள் அதே நொடியில் செய்துவிடுகின்றன. கண்ணால் மட்டும் படித்த நம் தலைமுறைக்கு அது மிகவும் பொருந்துகிறது. காது மந்தமானவர்களுக்குக் கூடுதல் லாபம்.

நாக்கு திறந்த விதம்

எனக்கு நாக்கு திறந்தது தபால் நிலையக் கவுன்ட்டரில். 1974-ல் மார்க் அடிப்படையில் வேலை கிடைத்து, சில வருடங்களில் கும்பகோணத்துக்கு மாற்றல் ஆனேன். கோயில் பார்க்க வரும் வெளிநாட்டினர் பார்சல் அனுப்ப வருவார்கள். அவர்களுக்குக் காரியம் ஆக வேண்டும், எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இலக்கணம் உடைந்தால் உடையட்டும் என்று பேசினேன். ஷா சொன்னது அப்படியே நடந்தது. அவர்கள் காத்திருந்து கேட்டார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. ஆறு மாதத்தில் காதுக்குள் இத்தனை வருடமாகச் சேர்ந்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. புதிதாக ஒன்றும் படிக்கவில்லை, உள்ளே இருந்தது வந்தது.

அக்காவுக்கு அது 58 வயதில் நடந்தது. அவள் மகள் குடும்பம் வெளிநாட்டில். 2006-ல் கோடை விடுமுறைக்கு வந்த ஐந்து வயதுப் பேரனுக்கு ஆங்கிலம் தவிர வேறு தெரியாது. முதல் இரண்டு நாள் இருவரும் சைகையில் பேசினார்கள். மூன்றாம் நாள் பையன் கிணற்றை எட்டிப் பார்க்கப் போனான். அக்கா பதறிப்போய் ஆங்கிலத்தில் கத்தினாள். முழு வாக்கியம், பிழையில்லாமல். கூடத்தில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவளும் தன் வாயிலிருந்து வந்ததை நம்பாமல் நின்றாள். அந்த மாதம் முழுவதும் பேரனுக்குக் கதை சொன்னாள். “என்னக்கா, இத்தனை நாளா எங்க வெச்சிருந்த இதை?” என்று கேட்டேன். “யாருடா என்கிட்ட கேட்டா?” என்றாள்.

நாற்பது வருடத்துக்கு முன் மெதுவேகச் செய்தியில் கேட்ட ஆங்கிலம் அது. அழியாமல் இருந்திருக்கிறது. அதைக் கேட்க ஒரு ஆள் இல்லாததால் அவ்வளவு காலம் உள்ளேயே கிடந்திருக்கிறது.

இன்றைய பிள்ளைகளுக்கு எதற்கும் குறைவில்லை. 2009-லேயே வங்கதேசத்தில் பி.பி.சி. மொபைல் போனில் எண்ணை அழுத்தினால் மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் கேட்கும் வசதியைச் செய்துவிட்டது. நம் மாநிலத்தில் 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கையிலுள்ள போனில் உலகத்து ஆங்கிலம் முழுவதும் இருக்கிறது, வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம். ஆனாலும் எங்கள் ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தால், 1972-ல் அந்த மூன்று பேர் முன்னால் நான் நின்ற மாதிரிதான் நிற்கிறார்கள். அவர்கள் பேசினால் சிரிக்காமல் கேட்க ஆள் இல்லை.

அந்த ஆளாக நாம் இருக்கலாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நமக்கு நேரம் இருக்கிறது. உச்சரிப்பு லண்டன் மாதிரி இருக்க வேண்டியதில்லை. இப்போது சனிக்கிழமை காலையில் எங்கள் கிளை நூலகத்து வராந்தாவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் வருகிறார்கள். மெதுவாகப் பேசும் ஒரு ஐந்து நிமிட ஒலிப்பதிவை இரண்டு தடவை போடுகிறேன். கேட்டதை அவர்கள் தங்கள் ஆங்கிலத்தில் எனக்குச் சொல்ல வேண்டும். முடிக்கும்வரை நான் குறுக்கே திருத்துவதில்லை. முதல் வாரம் ஒரு பெண் ‘குட் மார்னிங்’ தவிர எதுவும் சொல்லவில்லை. போன வாரம் அதே பெண் தன் வீட்டு ஆடு குட்டி போட்ட கதையை நாலு நிமிடம் சொன்னாள். காலமெல்லாம் தாறுமாறு, கதை எனக்கு முழுசாகப் புரிந்தது. மூன்று குட்டியாம், ஒன்று கறுப்பு.

உங்கள் தெருவிலும் அப்படி நாலு பிள்ளைகள் இருப்பார்கள்.